கேட்டுவிட்டுப் பாடுகிறவன்

இதை எழுதலாமா என்று அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஜோகூரில் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தான். "எழுதுங்க அக்கா. பேரு மட்டும் வேணாம்," என்றான். சரி என்றேன். போனை வைக்கப் போகும்போது, "அதுல அம்மாவும் வர்றாங்களா?" என்று கேட்டான். வராமல் எப்படியடா என்றேன். "அப்படின்னா அவங்க காதுல மொதல்ல," என்றான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊர் மாறியும் ஆள் கொஞ்சமும் மாறவில்லை.

அவங்க காதுல மொதல்ல. அவன் பாட்டுக்காரனாக இருந்த காலம் முழுவதும் என்னிடம் அதிகம் சொன்னது இந்த ஒரு வரியைத்தான்.

எனக்குப் பினாங்கில், கெலுகோர் பக்கம் ஒரு மாடி அறை. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது தொழில். அறையின் ஒரு மூலையில் பழைய துணி அலமாரி ஒன்று உண்டு. அதற்குள் மெத்தையை நாலு பக்கமும் அடித்து, மைக் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். வீடியோவுக்குக் குரல் கொடுப்பதற்காக வைத்தது. எப்படியோ விஷயம் வெளியே போய், பினாங்கில் ராப் பாடும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அலமாரிக்குள் நுழைந்து கத்திவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கழுத்தில் சங்கிலி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வாயைத் திறந்தால் துப்பாக்கி. வெளியே வந்ததும், "அக்கா, ஏர்கோன் கொஞ்சம் கூட்டுங்களேன்," என்பார்கள்.

இவன் வந்த அன்று சப்பாத்தைக் கழற்றி, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தான். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். தலையிலிருந்து கால் வரை மூடும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு நெற்றியில் ஒரு சிவப்புக் கோடு விழும். அந்தக் கோட்டோடுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே இறங்கி வருவான். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அலமாரிக் கதவைச் சாத்தி மைக்கைத் திறந்தால் மட்டும் வேறு ஆள். வார்த்தைகள் ஒன்றை ஒன்று முட்டாமல், தள்ளாமல், அதனதன் இடத்தில் வந்து உட்காரும். நான் கல்யாண வீடியோ பார்த்துப் பார்த்து எதற்கும் அசையாதவள். அன்றைக்கு ஏர்கோனை நானாகவே கூட்டினேன்.

பாட்டு முடிந்தது, எப்போது வெளியிடப் போகிறாய் என்று கேட்டேன். "இன்னும் கேக்கல அக்கா," என்றான். யாரிடம் என்று புரியவில்லை. பாட்டு ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையைப் பற்றியது. அந்தக் கடைக்காரர் மாமாவிடம் கேட்க வேண்டுமாம்.

நான் விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் அவன் அந்தக் கடைக்குப் போய், கூட்டம் குறையும்வரை காத்திருந்து, மாமாவின் காதில் இயர்போனை மாட்டி, முழுப் பாட்டையும் போட்டுக் காட்டியிருக்கிறான். மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். குழம்பு தண்ணீராகிவிட்டது என்று ஒரு வரி. அந்த இடத்தில் இயர்போனைக் கழற்றிவிட்டார்.

"தம்பி, நல்லாத்தான் பாடுறே. கொழம்பு தண்ணின்னு நீ பாடிட்டா நான் எப்படிப்பா பொழைக்கிறது?"

சாயங்காலம் வந்து அந்த வரியை எடுக்கச் சொன்னான். எடுத்தேன். அந்த இடத்தில் வேறு வரி போடு என்றேன். வேண்டாம் என்றான்.

"அந்த எடம் அந்த வரிக்குத்தான் அக்கா. வேணாம்னுட்டாங்க. அப்ப எடம் சும்மா இருக்கட்டும்."

தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, குரல் இல்லை. நல்ல சட்டையில் பொத்தான் விழுந்த இடம் மாதிரி எனக்கு உறுத்தியது. அதன் பிறகு வந்த அவன் பாட்டு ஒவ்வொன்றிலும் இப்படி ஓர் ஓட்டை, இரண்டு ஓட்டை. ஒரு கல்யாண விருந்தில் மணமக்கள் நுழையும்போது பாடக் கூப்பிட்டார்கள். பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அக்கா, பெரியப்பா என்று எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு வெட்டியதில், கடைசியில் மாப்பிள்ளையும் பொண்ணும் வருகிறார்கள் என்ற சேதி மட்டும் மிஞ்சியது. அதை எல்லாரும் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டர்வொர்த்தில் ஒரு ராப்பர் இருந்தான். அவன் இவனை வைத்து ஒரு வசைப்பாட்டு வெளியிட்டான். அந்த உலகத்தில் அதெல்லாம் வழக்கம். ஒருவன் திட்டிப் பாடுவான், மற்றவன் பதிலுக்கு இன்னும் மோசமாகத் திட்டுவான், கேட்கிறவர்கள் கைதட்டுவார்கள். இவனைக் கம்பெனி பஸ்ஸில் வரும் ராப்பர், அம்மா பிள்ளை என்றெல்லாம் பாடியிருந்தான். இவன் ஒரு வாரம் உட்கார்ந்து பதில் எழுதினான். என் அலமாரியே சூடாகிவிட்டது, அப்படி ஒரு பாட்டு. நானே எழுந்து நின்று கேட்டேன். முடிந்ததும் இவன் போனை எடுத்து அந்தப் பட்டர்வொர்த் பையனைக் கூப்பிட்டான்.

"புரோ, ஃப்ரீயா? ஒரு பாட்டு கேக்கணும். ஒன்னையப் பத்தித்தான். தே தாரே குடிக்கலாம், நான் வாங்கித் தரேன்."

பையன் அக்கரையிலிருந்து ஃபெரியில் வந்தான், சண்டைக்கென்று இரண்டு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். சாப்பாட்டுக் கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். இவன் இயர்போனை நீட்டினான். பையன் முழுவதும் கேட்டான். முகம் சுருங்கியது, பிறகு விரிந்தது, பிறகு சுருங்கியது.

"எல்லாம் ஓக்கே புரோ," என்றான் கடைசியில். "முடி கொட்டுறத மட்டும் எடுத்துடு லா. எங்கப்பாவுக்கும் இப்படித்தான். அவரு கேட்டா மனசு கஷ்டப்படுவாரு."

"சரி புரோ," என்று இவன் அங்கேயே எனக்குக் குரல் கொடுத்தான்: "அக்கா, முடி போச்சு!" நண்பர்கள் இரண்டு பேரும் ரொட்டி சானாய் கேட்டார்கள்.

பாட்டு வெளிவந்தது. முடி இருந்த இடத்தில் ஓட்டை. கேட்டவர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சொல்லவே முடியாத அளவுக்குக் கேவலமான ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்கிறது என்று ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். பட்டர்வொர்த் பையன் எனக்குப் போன் செய்து அழாத குறையாகச் சொன்னான்: "அக்கா, முடியவே திரும்பப் போடச் சொல்லுங்க. எங்கம்மாவே அங்க என்ன இருந்துச்சுன்னு கேக்குறாங்க."

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன்டா, ஒன்னையத் திட்டுனவன் ஒங்கிட்ட கேட்டானா? நீ மட்டும் ஏன் ஊரெல்லாம் போய்ப் பிச்சை கேக்குற?"

அவன் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்.

"எங்கப்பா எங்கள விட்டுட்டுப் போனப்பறம் ஃப்ளாட்ல எல்லாரும் அம்மாவப் பத்திப் பேசுனாங்க. படியில, லிஃப்டுல, எல்லா எடத்துலயும். ஒருத்தராச்சும் அம்மாகிட்ட வந்து, 'இது நெசமா'ன்னு கேக்கல அக்கா."

அதற்குப் பிறகு நான் அவனை இது பற்றிக் கேலி செய்யவில்லை. ஓட்டைகளைப் பார்த்தால் கை அரிக்கும், அடக்கிக்கொள்வேன்.

அந்த அப்பாவைப் பற்றித்தான் அவனுடைய மிக நல்ல பாட்டு. நாங்கள் மின்விசிறியைக் காத்தாடி என்போம். அப்பா வேறொரு குடும்பத்தோடு வாழ நிபோங் திபாலுக்குப் போன நாளில், வீட்டில் இருந்த ஒரே காத்தாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். திரும்பி வந்து பார்த்தால் அப்பாவும் இல்லை, காத்தாடியும் இல்லை. அப்பாவை விடக் காத்தாடி இல்லாததுதான் முதலில் தெரிந்தது என்பான்.

*காத்தாடியத் தூக்கிட்டுப் போனியே,*
*காத்தையும் சேத்துத் தூக்கிட்டுப் போனியே.*

இது திரும்பத் திரும்ப வரும் அடி. நடுவில் அம்மா வருவார்.

*அட்டைய மடிச்சு அம்மா வீசுனா,*
*அம்மாவுக்கு வீச ஆளே இல்ல.*

இதை அவன் அலமாரிக்குள் பாடிக்கொண்டிருந்தபோது கோலாலம்பூரிலிருந்து ஒருவர் என் அறையில் உட்கார்ந்திருந்தார். பாட்டுக் கம்பெனிக்காரர். வேறொருவனைப் பார்க்க வந்தவர், அவன் வரத் தாமதம். அந்த அடியைக் கேட்டதும் கால் மேல் போட்டிருந்த காலை இறக்கினார். இவன் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். வீடியோ எடுக்கலாம், ஊர் ஊராக மேடை ஏற்றலாம், தொழிற்சாலையை விட்டுவிட்டு வந்துவிடு, பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"ஒன் பாட்டெல்லாம் கேட்டிருக்கேன் தம்பி. இதுல ஓட்ட கீட்ட வேணாம். இந்தக் காத்தாடி அடி இல்லன்னா பாட்டே இல்ல."

அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ராப்தான் அவன் சோறு, தொழிற்சாலை அதற்குக் கறி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். "ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன் அண்ணே," என்றான். கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அம்மாவிடம் முதலில் போனான். அம்மா ஒரு கேன்டீனில் சமையல். கையைத் துடைத்துவிட்டு இயர்போனை வாங்கி மாட்டி, கடைசி வரை கேட்டார். "நல்லா இருக்கு. அந்தாளப் பத்திப் பாடியிருக்கே, அந்தாள்கிட்ட கேளு," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

அப்பாவைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது அவனுக்கு. தனியாகப் போக விடாமல் என் காரில் நானே கூட்டிக்கொண்டு போனேன். நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சிறிய வீடு. அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா. காவல்கார உடுப்போடுதான் வாசலுக்கு வந்தார். மகனைப் பார்த்ததும் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். உள்ளே ஒரு பெண், காலேஜ் போகும் வயது. இரண்டாவது குடும்பத்தின் மகள்.

"அண்ணே, சூடா இருக்கா?" என்று கேட்டு, மூலையில் ஓடிக்கொண்டிருந்த காத்தாடியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

பச்சை நிறக் காத்தாடி. முன் கூடு உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தது. இவன் அதைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் போனை எடுத்து அப்பாவின் காதில் பாட்டைப் போட்டான்.

அவர் இரண்டு தடவை கேட்டார். கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை. "என்னையப் பத்தி என் மவன் பாட்டு எழுதியிருக்கான்," என்று உள்ளே பார்த்துச் சொன்னார், என்னமோ பாராட்டிப் பாடிய மாதிரி. பிறகு தயங்கினார்.

"ஒரு எடத்துலதான் தப்பு. காத்தாடிய நான் தூக்கிட்டு வரலப்பா. ஒங்கம்மாதான் குடுத்தா."

இவன் காத்தாடியைத் திரும்பிப் பார்த்தான்.

"இவ அப்ப கைப்புள்ள," என்று மகளைக் காட்டினார். "ஒடம்பெல்லாம் வேர்க்குரு. நான் என் துணிமணி எடுக்க வந்தேன். 'புள்ளைக்கு வேணும், எடுத்துட்டுப் போ'ன்னு ஒங்கம்மாதான் பிளக்கக் கழட்டிக் கையில குடுத்தா. ஒனக்குத் தெரியாதா?"

இவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அப்ப அவ சொல்லல," என்றார் அப்பா. "அவ சொல்லலன்னா ஏதாச்சும் இருக்கும். நான் தூக்கிட்டு வந்ததாவே பாடிக்கப்பா. எனக்கு ஓக்கே."

அனுமதி கிடைத்துவிட்டது. பினாங்குப் பாலம் தாண்டி நேரே அவன் வீட்டுக்குப் போனோம். வழியில் நான் ரேடியோகூடப் போடவில்லை.

அம்மா பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"காத்தாடிய நீங்களாம்மா குடுத்தீங்க?"

"ஆமா."

"அங்க இருந்த புள்ளைக்கா?"

"அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "நீ கேட்டியா?"

ஊரில் எல்லாரிடமும் போய்க் கேட்டவன். குழம்பைப் பற்றிக் கேட்டான், முடியைப் பற்றிக் கேட்டான். இந்த ஒன்றை அம்மாவிடம் கேட்க அவனுக்குத் தோன்றியதே இல்லை. அப்பா திருடன் என்று அவனாகவே முடிவு கட்டி, அதை வைத்துப் பாட்டும் கட்டிவிட்டான். அவன் முகம் செத்துப்போனது.

"சரிம்மா," என்றான். "குடுத்தீங்கன்னே மாத்திப் பாடட்டா?"

"வேணாம்." அம்மா மறுபடி கத்தியை எடுத்தார். "புருஷன வளச்சுப் போட்டவளுக்குக் காத்தாடியும் குடுத்தாளா, மட்டின்னு சிரிப்பாங்க. ஒனக்கு வேணும்னா அந்தாள் எடுத்துட்டுப் போனாருன்னே பாடிக்க. அத நான் வேணாங்கல."

ஆக, பொய்க்கு இரண்டு பேரும் சரி என்றுவிட்டார்கள். உண்மைக்குத்தான் அனுமதி இல்லை. நான் படியில் இறங்கும்போது அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "டேய், ரெண்டு காதுலயும் கேட்டுட்ட. ஒன் சட்டப்படி எல்லாம் சரி. பாடிட்டுப் போயேன்டா!" கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அந்த அடியை நான் அவ்வளவு விரும்பினேன். அவன் ஜெயிப்பதையும்தான்.

"அந்தப் பொண்ணு காத்தாடிய எம்பக்கம் திருப்பி வச்சிச்சு அக்கா," என்றான்.

கோலாலம்பூருக்கு என் அறையிலிருந்துதான் பேசினான்.

"அண்ணே, காத்தாடி அடி இல்ல."

"யாரு வேணாம்னது? ஒங்கப்பாவா?"

"அப்பா ஓக்கே சொல்லிட்டாரு."

"அப்பறம் என்ன லா?"

"அது நடக்கல அண்ணே."

"தம்பி, பாட்டுதானே?" என்றார் அவர். இவன், "ஆமாண்ணே, பாட்டு," என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டு, மறுநாள் கம்பெனி பஸ் ஏறிப் போனான்.

அவர்கள் பட்டர்வொர்த் பையனை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பையன் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இவனுக்குப் போன் செய்தான். "புரோ, ஒன் எடத்துல நான் போறேன். ஓக்கேவா?" இவன் ஓக்கே என்றான். நல்லவேளை அந்தப் பையனின் போன் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் மீதி முடியும் கொட்டும்படி திட்டியிருப்பேன்.

காத்தாடிப் பாட்டை அவன் ஒரே ஒரு முறைதான் மேடையில் பாடினான். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில், சாயங்காலம், பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கூட்டம். அம்மா வந்திருந்தார். அவன் பாடி அவர் நேரில் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்குப் பக்கத்தில் அவர், அவருக்கு அந்தப் பக்கம் முக்காடு போட்ட ஒரு தமிழ் முஸ்லிம் அம்மா, ஐஸ் காச்சாங் சாப்பிட்டுக்கொண்டு.

அட்டையை மடித்து வீசுவது வந்தது, வீச ஆளில்லை என்பது வந்தது. அடி வரவேண்டிய இடத்தில் அவன் மைக்கை இறக்கிவிட்டுச் சும்மா நின்றான். தாளம் மட்டும் போனது. எனக்கு இன்றைக்கும் அவன் பாட்டிலேயே மிக நீளமான ஓட்டை அதுதான்.

அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்தார்.

"அந்தக் காத்தாடி நான்தான் குடுத்தேன்," என்றார்.

"எந்தக் காத்தாடிம்மா?"

"எங்க வீட்டுக் காத்தாடி."

"ஓ," என்றார் அந்த அம்மா. "ஓசிலயா?"

"ஓசிலதான்."

"நல்ல மனசு," என்று சொல்லிவிட்டு அவர் ஐஸைத் தொடர்ந்தார். அம்மா நேராக உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேடையில் இருந்தவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் இறங்கி வந்து, "அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா அக்கா?" என்றான். அது என்னிடம் சொன்னதில்லையே. அவங்களையே கேளு என்றேன். அம்மா அதற்குள் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகத் தாப்பாவ் வாங்கக் கடைக்குள் போயிருந்தார். அவன் கேட்கவில்லை. பிறகு ஜோகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அங்கேயும் பாட்டு உண்டு, ஓட்டையும் உண்டு என்று கேள்வி.

இதை எழுதி முடித்துவிட்டு, அவன் சொன்னபடி அம்மாவைப் பார்க்கப் போனேன். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஐஸ் காச்சாங் அம்மா வரும் இடத்தில் சிரித்தார். வெட்டச் சொல்வார், எங்கே ஓட்டை போடுவது என்று மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

"அது இன்னும் ஓடுதா?" என்று கேட்டார்.

"நாங்க போனப்ப ஓடுச்சு ஆன்ட்டி. கூடுதான் ஒடஞ்சிருந்துச்சு."

"ஓடும். குடுத்தப்ப புதுக் காத்தாடி. வாங்குன அட்டப்பெட்டிகூட வீட்லயே இருந்துச்சு, அந்த அட்டையத்தான் மடிச்சு இவனுக்கு வீசுனேன்." அவர் என் கையிலிருந்த தாளைத் தட்டினார். "புதுசுன்னு போடு. இல்லன்னா வீணாப்போனத தூக்கிக் குடுத்துருக்கான்னு நெனச்சிக்குவாங்க."

"அப்ப இது வெளிய வரலாமா?"

"வரட்டும். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போறாங்க."

"அவனும் பாடலாமா ஆன்ட்டி? நான் போன் போட்டுச் சொல்லட்டா?"

"நீ சொல்லாத," என்றார் அம்மா. "அவன் வந்து கேக்கட்டும்."